ஆய்வக முடிவு உதைக்கும்போது: காரணத்தைத் தேடுவதும் சரியாக உதவி கேட்பதும்

"டைட்ரேஷன் முடிவு தப்பாக வருகிறது, என்ன செய்யலாம்?" என்று வேதியியல் தெரிந்த யாரிடம் கேட்டாலும் பதில் வராது, எதிர்க்கேள்விகள்தான் வரும். (டைட்ரேஷன் என்பது செறிவு தெரிந்த கரைசலைப் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, செலவான அளவிலிருந்து மாதிரியின் செறிவைக் காண்பது.) எந்த டைட்ரேஷன்? எவ்வளவு தப்பு? எப்போதும் ஒரே பக்கமாகத் தப்பா, முன்னும் பின்னுமாக அலைகிறதா? வெற்றுச் சோதனை, அதாவது மாதிரி இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது, செய்தீர்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டு போனாலே பெரும்பாலான சிக்கல்கள் வழியிலேயே அவிழ்ந்துவிடும். அவிழாதவற்றை அடுத்தவரிடம் கொண்டுபோனால் அவர் உடனே பிடித்துவிடுவார்.

புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. சோதிக்கும் வரிசைதான் தெரிவதில்லை. எடுத்ததும் கருவியைச் சந்தேகப்படுவார்கள், கணக்கைக் கடைசியில் பார்ப்பார்கள். அது தலைகீழ். செலவே இல்லாத சோதனையை முதலிலும், நேரமும் பொருளும் தின்னும் சோதனையைக் கடைசியிலும் வைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முன்கூட்டியே வேண்டியவை கொஞ்சம்தான்: பக்கம் கிழிக்க முடியாத குறிப்பேடு, நீங்கள் பின்பற்றும் செய்முறையின் முழு நகல், பயன்படுத்திய ஒவ்வொரு வேதிப்பொருளின் புட்டியும் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளும், செறிவு உறுதியாகத் தெரிந்த ஒரு திட்டக் கரைசல்.

1. எதையும் கொட்டாதீர்கள்

முடிவு சரியில்லை என்று தெரிந்ததும் குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. கழுவிய பிறகு தடயமே இல்லை. அடுத்த தடவை சரியாக வந்தாலும் ஏன் சரியாக வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே தப்பு திரும்ப வரும்.

மாதிரி, தயாரித்த கரைசல்கள், நீர்த்த கரைசல்கள் எல்லாவற்றையும் பெயரும் தேதியும் எழுதி ஓரமாக வையுங்கள். அப்புறம் குறிப்பேட்டில் நேரடி அளவீடுகளை எழுதுங்கள். "செலவான அளவு 11.1 மிலி" என்று மட்டும் எழுதாமல், பியூரெட்டின் தொடக்க அளவு 0.35, இறுதி அளவு 11.42 என்று இரண்டையும் எழுதுங்கள். கழித்த விடையை மட்டும் எழுதினால் கழித்தலில் நடந்த பிழையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எடைக்கும் அதே விதி: காலித் தாளின் எடை, பொருளோடு எடை, இரண்டும் வேண்டும்.

இந்தப் படிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. கரைசல் சூடாகிறது, வாயு வெளியேறுகிறது, மூடிய பாத்திரம் உப்புகிறது என்றால் தடயத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். விலகுங்கள், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். ஆபத்தான நேரத்தில் எழுதிக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது கூடாது.

2. எந்த வகைத் தப்பு என்று பிரியுங்கள்

"தப்பு" என்ற சொல் போதாது. குறைந்தது மூன்று தடவை ஒரே மாதிரியை அளந்து, மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, எதிர்பார்த்த மதிப்பிலிருந்து மட்டும் தள்ளி இருந்தால் அது முறைசார் பிழை. கை நன்றாகவே வேலை செய்கிறது. கரைசலிலோ கணக்கிலோ முறையிலோ ஏதோ ஒன்று ஒரே திசையில் இழுக்கிறது. எத்தனை தடவை திரும்பச் செய்தாலும் இது மறையாது.

மூன்றும் மூன்று திசையில் போனால் அது சிதறல். இங்கே கை, அளவிடும் விதம், மாதிரி சரியாகக் கலக்காமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடியில் வண்டல் தங்கிய மாதிரியைக் குலுக்காமல் பிப்பெட்டில் எடுப்பது இதற்கு மிகச் சாதாரணமான காரணம். முதல் அளவீட்டிலிருந்து கடைசி அளவீடுவரை எண்கள் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் அது மூன்றாவது வகை: ஏதோ ஒன்று நேரத்தோடு மாறுகிறது. கரைசல் சிதைகிறது, கருவி இன்னும் சூடேறி நிலைபெறவில்லை, அல்லது பியூரெட்டின் குழாய் கசிகிறது.

ஓர் எண் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் அதைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். அதற்கு டிக்சனின் கியூ சோதனை இருக்கிறது. விலகி நிற்கும் எண்ணுக்கும் அதன் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியை, மொத்த வீச்சால் வகுக்க வேண்டும். 90 சதவீத நம்பகத்தில் நான்கு அளவீடுகளுக்கு அந்த விகிதம் 0.765ஐத் தாண்டினால்தான் விலக்கலாம். மூன்றே அளவீடுகள் என்றால் 0.941ஐத் தாண்ட வேண்டும். 10.10, 10.12, 10.14, 10.42 என்ற நான்கில் கடைசி எண்ணுக்கு 0.28ஐ 0.32ஆல் வகுத்தால் 0.875, விலக்கலாம். மூன்று அளவீட்டுக்கான எல்லை இவ்வளவு கடுமையாக இருப்பதிலேயே விஷயம் தெரிகிறது: மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளுவது கிட்டத்தட்ட எப்போதும் அவசர முடிவு.

3. கணக்கை முதலில் பாருங்கள்

கணக்கைச் சரிபார்க்க ஒரு துளி கரைசலும் தேவையில்லை. ஆனாலும் இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

முதல் வேலை, உங்களுக்குக் கிடைத்த மதிப்பை எதிர்பார்த்த மதிப்பால் வகுப்பது. அந்த விகிதமே பல நேரங்களில் காரணத்தைச் சொல்லிவிடும்.

விகிதம் 10, 100, 1000 என்று வந்தால் நீர்த்தல் மடங்கையோ அலகையோ விட்டுவிட்டீர்கள். 2 அல்லது 0.5 என்றால் மோலாரிட்டியும் (லிட்டருக்கு எத்தனை மோல்) நார்மாலிட்டியும் (லிட்டருக்கு எத்தனை சமான எடை) குழம்பியிருக்கலாம் (கந்தக அமிலத்தில் ஒரு மோலார் என்பது இரண்டு நார்மல்), அல்லது 25 மிலி மாதிரிக்கு 50 மிலி என்று போட்டிருக்கலாம். 2.5 அல்லது 0.4 வந்தால், கால்சியம் என்று சொல்ல வேண்டியதைக் கால்சியம் கார்பனேட் என்றோ மறுபக்கமாகவோ சொல்லியிருக்கிறீர்கள்: 100.09ஐ 40.08ஆல் வகுத்தால் 2.497. நைட்ரேட்டில் 4.43 என்ற விகிதம் வந்தால் ஒருவர் நைட்ரேட்டாகவும் இன்னொருவர் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகவும் சொல்கிறார்கள். பாஸ்பேட்டுக்கும் பாஸ்பரசுக்கும் இடையே அந்த எண் 3.07.

இன்னொரு பெரிய குழி படிக நீர். காப்பர் சல்ஃபேட்டின் மோலார் நிறை நீரற்ற நிலையில் 159.61, ஐந்து நீர் மூலக்கூறுகளோடு 249.68. புட்டியில் இருப்பது ஒன்று, கணக்கில் போட்டது இன்னொன்று என்றால் விகிதம் 1.56. நீரின் கடினத்தன்மையை (கால்சியம், மக்னீசியம் அளவை) டைட்ரேஷனில் அளக்கப் பயன்படும் ஈடிடிஏ டைசோடியம் உப்பும் அப்படியே: நீரற்றது 336.2, இரண்டு நீரோடு 372.24, விகிதம் 1.107. பதினொரு சதவீதம் தள்ளி வரும் கடினத்தன்மை முடிவைப் பார்த்ததும் எனக்கு முதலில் இந்த எண்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே மோலார் நிறையைப் பாடநூலிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் கையில் இருக்கும் புட்டியின் லேபிளிலிருந்து எடுங்கள். பெயர் குழப்பமாக இருந்தால் லேபிளில் உள்ள சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகத் தரப்பட்ட பதிவு எண்ணைப் பாருங்கள். நீரற்ற காப்பர் சல்ஃபேட்டுக்கு 7758-98-7, ஐந்து நீர் உள்ளதற்கு 7758-99-8. பெயர் ஏமாற்றினாலும் இந்த எண் ஏமாற்றாது.

அடர் அமிலங்களில் எடைச் சதவீதத்தை அப்படியே செறிவாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.19 கிராம், 1190 கிராமில் 37 சதவீதம் 440 கிராம், அதை 36.46ஆல் வகுத்தால் சுமார் 12 மோலார். அடர்த்தியை மறந்தால் 10 மோலார் என்று வந்துவிடும். (அதை நீர்க்கும்போது எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்; கந்தக அமிலத்தில் இதை மீறினால் கொதித்துத் தெறிக்கும்.)

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் கணக்கை வேறொருவரிடம் கொடுத்து, உங்கள் விடையைக் காட்டாமல், நேரடி அளவீடுகளிலிருந்து புதிதாகப் போடச் சொல்லுங்கள். விடையைப் பார்த்துவிட்டால் அவர் கண்ணும் அதே பாதையில்தான் போகும்.

4. தயாரித்த கரைசலை நம்பாதீர்கள்

லேபிளில் 0.1 மோலார் என்று நீங்களே எழுதியிருப்பதால் அது 0.1 ஆகிவிடாது. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். எடை போடும் அந்த ஒரு நிமிடத்திலேயே வில்லைகள் பளபளக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். அதனால் எவ்வளவு கவனமாக எடை போட்டாலும் அதன் செறிவு தோராயம்தான்.

அதைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்துத் தரப்படுத்துங்கள். அந்த உப்பு தூய்மையாகக் கிடைக்கும், காற்றில் ஈரம் பிடிக்காது, மோலார் நிறை 204.22 என்று பெரிதாக இருப்பதால் எடைபோடும் பிழையும் சிறிதாகும். சுமார் 110 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவைத்து, 0.5105 கிராம் எடுத்தால் அதில் 2.5 மில்லிமோல் இருக்கிறது, சரியான 0.1 மோலார் ஹைட்ராக்சைடு 25.00 மிலி செலவாக வேண்டும். 26.1 மிலி ஆனால் உங்கள் கரைசல் 0.0958 மோலார்தான்.

ஆறவைப்பது முக்கியம். சூடான பாத்திரத்தைத் தராசில் வைத்தால் சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழும்பி, எடை குறைவாகக் காட்டும்; ஆற ஆற எண் ஏறிக்கொண்டே போகும். தராசு பழுது என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுதான்.

பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு மங்கிவிடுகிறதே என்று திரும்பத் திரும்பக் காரத்தைச் சேர்க்காதீர்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அந்த நிறம் எப்படியும் மங்கும். அரை நிமிடம் நின்றால் முடிவுநிலை வந்துவிட்டது.

பெர்மாங்கனேட் கரைசல் ஒளியில் சிதையும், பழுப்பு நிறப் புட்டியில்தான் இருக்க வேண்டும். ஆக்சலேட்டோடு தரம் பார்க்கும்போது முதல் சில துளிகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அதற்கு வினையூக்கி என்பதால் அது சேர்ந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். இதை முடிவுநிலை என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கரைசலை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கிப் பொறுமையாகச் சேருங்கள். அமிலத்துக்குக் கந்தக அமிலம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடையும் பெர்மாங்கனேட் தாக்கி, செலவைக் கூட்டிவிடும்.

5. நான்கு சிறு சோதனைகள்

கணக்கும் கரைசலும் சரி என்று நினைத்த பிறகும் முடிவு உதைத்தால் இந்தப் படிக்கு வாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள நான்கு சோதனைகளும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

முதலாவது வெற்றுச் சோதனை. மாதிரிக்குப் பதிலாகத் தூய நீர், மற்றதெல்லாம் அப்படியே: அதே தாங்கல் கரைசல் (பிஹெச்சை நிலையாக வைத்திருப்பது), அதே நிறங்காட்டி, அதே குடுவை. இங்கே கிடைக்கும் அளவு உங்கள் வேதிப்பொருள்களும் நீரும் சேர்த்த தப்பு.

இரண்டாவது, தெரிந்த திட்டக் கரைசலை மாதிரிபோலவே ஓட்டுவது. இது நீங்கள் தரப்படுத்தப் பயன்படுத்திய அதே புட்டியிலிருந்து வரக்கூடாது. ஒரே புட்டி என்றால் தப்பும் தப்பும் ஒத்துப்போய், எல்லாம் சரி என்று காட்டும்.

மூன்றாவது, மாதிரியிலேயே தெரிந்த அளவைச் சேர்த்து அளப்பது. ஆய்வகங்களில் ஸ்பைக் என்பார்கள். சேர்த்த பிறகு வந்ததிலிருந்து சேர்ப்பதற்கு முன் வந்ததைக் கழித்து, சேர்த்த அளவால் வகுத்தால் மீட்பு சதவீதம் கிடைக்கும். நான்காவது, மாதிரியின் அளவைப் பாதியாக்கி மறுபடி அளப்பது. செறிவு மாறக்கூடாது, மாறினால் அதில் செய்தி இருக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நீரின் உண்மையான மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மிகி, கால்சியம் கார்பனேட்டாக. 50 மிலி எடுத்தால் அதில் 10 மிகி. 0.01 மோலார் ஈடிடிஏ ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 1 மிகி கார்பனேட்டுக்குச் சமம் என்பதால் 10.0 மிலி செலவாக வேண்டும்.

படிக நீரை மறந்து ஈடிடிஏ தயாரித்தவருக்குக் கரைசல் உண்மையில் 0.00903 மோலார். அவருக்கு 11.07 மிலி செலவாகும்; 221 என்று வரும். பாதி மாதிரி எடுத்தாலும் 221தான். தெரிந்த 200 கரைசலை ஓட்டினாலும் 221. மாதிரியில் 5 மிகி சேர்த்தால் மீட்பு 111 சதவீதம். எல்லாச் சோதனையும் ஒரே விகிதத்தில் தள்ளுகிறது, வெற்றுச் சோதனை மட்டும் சுத்தமாக இருக்கிறது. இது விகிதப் பிழை. கரைசலின் செறிவிலோ கணக்கின் மடங்கிலோ இருக்கிறது.

இன்னொருவரின் ஈடிடிஏ சரி, ஆனால் தாங்கல் கரைசலில் கொஞ்சம் கால்சியம் கலந்து ஒவ்வொரு தடவையும் 0.3 மிலி கூடுதலாகச் செலவாகிறது. 50 மிலி மாதிரிக்கு 10.3 மிலி, அதாவது 206. 25 மிலி மாதிரிக்கு 5.3 மிலி, அதாவது 212. மாதிரி குறையக் குறைய முடிவு ஏறுகிறது. இது மாறாப் பிழை. கவனியுங்கள்: இவர் 5 மிகி ஸ்பைக் சேர்த்தால் 10.3 மிலி 15.3 மிலி ஆகும்; மீட்பு சரியாக 100 சதவீதம்! மீட்பு நன்றாக வந்துவிட்டது, ஆகவே முடிவு சரி என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். மாறாப் பிழையை ஸ்பைக் காட்டாது. வெற்றுச் சோதனையும் பாதி மாதிரியும்தான் காட்டும். பாதி மாதிரியில் நீர் ஊற்றி அளவைச் சமமாக்கினால், அதே அளவு நீரை வெற்றுச் சோதனையிலும் சேர்க்க மறக்காதீர்கள்.

மூன்றாவது நிலை: வெற்றுச் சோதனை சுத்தம், தெரிந்த கரைசல் 200க்கு 200, ஆனால் மாதிரியில் மீட்பு மட்டும் 70 சதவீதம். அப்படியென்றால் குற்றவாளி மாதிரிக்குள்ளேயே இருக்கிறது. அதிலுள்ள வேறு ஏதோ ஒன்று நீங்கள் அளக்கும் பொருளைப் பிடித்துவைக்கிறது அல்லது மறைக்கிறது. கரைசலை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. குறுக்கீட்டை நீக்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

கடினத்தன்மை பற்றி இன்னும் ஒன்று. எரியோக்ரோம் பிளாக் டி நிறங்காட்டி திராட்சைச் சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தெளிவாக மாறாமல் ஊதாவிலேயே இழுத்துக்கொண்டு நின்றால் மூன்றைப் பாருங்கள். பிஹெச் 10க்கு அருகில் இருக்கிறதா. மாதிரியில் மக்னீசியம் மிகக் குறைவா (அதன் சிறு அளவு இல்லாமல் நிறமாற்றம் கூர்மையாக வராது). நிறங்காட்டிக் கரைசல் பழையதா. தாங்கல் கரைசலைச் சேர்த்த பிறகு ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் கால்சியம் கார்பனேட்டாக வீழ்படியத் தொடங்கும்.

6. கருவிக்கு இப்போது வாருங்கள்

பிஹெச் மானியில் எண் நிலைக்காமல் அலைந்தால் மானியைவிட மின்முனைதான் சந்தேகத்துக்குரியது. 25 டிகிரியில் ஒரு பிஹெச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும். 7க்கும் 4க்கும் உள்ள தாங்கல் கரைசல்களுக்கு இடையே ஏறத்தாழ 177. மில்லிவோல்ட் முறையில் வைத்து இரண்டையும் படித்துக் கழித்துப் பாருங்கள். இந்த அளவில் 90 சதவீதம்கூட வரவில்லை என்றால் மின்முனையைச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மின்முனையை வாலைவடிநீரில் ஊறவைத்து வைக்காதீர்கள். உள்ளிருக்கும் அயனிகள் வெளியே கசிந்துவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுதான் அதற்குரிய இடம். பிஹெச் 10 தாங்கல் கரைசல் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடை இழுத்து இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறமாலை ஒளிமானியில் உட்கவர்திறன் 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது. அந்த நிலையில் சிதறி உள்ளே நுழையும் சிறு ஒளிகூட எண்ணைக் கெடுக்கும். செறிவுக்கு எதிராக வரையும் கோடு மேல் நுனியில் வளையும். 0.1 முதல் 1 வரை வரும்படி நீர்த்துக்கொள்ளுங்கள். 340 நானோமீட்டருக்குக் கீழே கண்ணாடிக் குவெட்டே ஒளியை விழுங்கத் தொடங்கும், குவார்ட்ஸ் வேண்டும். கைரேகையும் காற்றுக்குமிழும் பார்த்த உடனே தெரியும். அவற்றை முதலில் துடைத்துத் தட்டி நீக்கிவிடுங்கள்.

அணு உட்கவர் முறையில் கால்சியம் குறைவாக வந்தால் மாதிரியில் பாஸ்பேட் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்று அசிட்டிலீன் சுடரில் பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லாந்தனம் சேர்த்தால் அது பாஸ்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கால்சியத்தை விடுவிக்கும்.

எச்பிஎல்சியில் (கலவையைத் தூண் வழியே ஓட்டி, கூறுகளைப் பிரித்து முகடுகளாகக் காட்டும் கருவி) முகடுகள் இடம் மாறினால், எல்லா முகடுகளும் மாறினவா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தூணில் தங்காமல் நேரே வெளியேறும் முதல் முகடு நகர்ந்ததா என்பதே முக்கியம். அதுவும் சேர்ந்து நகர்ந்திருந்தால் ஓட்ட வேகம் மாறியிருக்கிறது: பம்பில் குமிழ், கசிவு. அது அசையாமல் மற்றவை மட்டும் நகர்ந்தால் நகரும் கரைசலின் கலவை, வெப்பநிலை, தூண் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே ஒரு முகடு மட்டும் நகர்ந்தால், அது அமிலமோ காரமோ ஆக இருந்தால், பிஹெச்தான். பிஹெச்சை அசிட்டோநைட்ரைல் கலப்பதற்கு முன்பு அளந்தார்களா, பின்பு அளந்தார்களா என்று செய்முறையில் பாருங்கள். இரண்டும் ஒரே எண் தராது.

7. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அவசரத்தில் நிறங்காட்டியையும் புதிதாக்கி, ஈடிடிஏயையும் மாற்றி, வேறு பிப்பெட்டையும் எடுத்தால் முடிவு சரியாக வரலாம். எது காரணம் என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், அளங்கள், எழுதுங்கள், மாறாவிட்டால் பழையதையே திரும்ப வையுங்கள்.

8. கேள்வியை எழுதுவது

இவ்வளவு செய்த பிறகும் விடை கிடைக்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள். இந்தக் கட்டத்தில் உங்கள் கையில் ஒரு நல்ல கேள்விக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது.

எழுதும் வரிசை இது: என்ன அளக்கிறீர்கள், எந்த மாதிரியில், எந்த முறையில். என்ன எதிர்பார்த்தீர்கள், ஏன் அதை எதிர்பார்த்தீர்கள். என்ன வந்தது, அலகோடு, நேரடி அளவீடுகளோடு. நான்கு சோதனைகளின் முடிவு. இதுவரை எதை மாற்றிப் பார்த்தீர்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"ஏன் எதிர்பார்த்தீர்கள்" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய அறிக்கையில் அப்படி இருந்தது என்பதற்கும், சான்றளிக்கப்பட்ட மாதிரியின் மதிப்பு அது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முதல் நிலையில் உங்கள் புது எண்ணே சரியாகவும் பழைய அறிக்கை தப்பாகவும் இருக்கலாம்.

இப்படி எழுதலாம்: "நீரில் மொத்தக் கடினத்தன்மையை 0.01 மோலார் ஈடிடிஏ, பிஹெச் 10, எரியோக்ரோம் பிளாக் டி வைத்துப் பார்க்கிறேன். 50 மிலி மாதிரிக்கு 7.02, 7.05, 7.00 மிலி செலவாகிறது. வேறோர் ஆய்வகத்தில் இதே மாதிரிக்கு லிட்டருக்கு 200 மிகி வந்தது. வெற்றுச் சோதனை 0.02 மிலி. 200 மிகி திட்டக் கரைசல் 199 காட்டுகிறது. மாதிரியில் ஸ்பைக் மீட்பு 70 சதவீதம். ஈடிடிஏயைப் புதிதாகத் தயாரித்தும் மாற்றமில்லை. மாதிரியைக் கொதிக்கவைத்த பிறகு அளந்தேன். அதில் கால்சியம் வீழ்படிந்து அடியில் தங்கியிருக்குமா?" இதைப் படிப்பவர் எதிர்க்கேள்வியே கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நீங்களே கடைசி வரியை எழுதும்போது விடையைத் தொட்டுவிடுவீர்கள். (மீட்பும் குறைந்திருப்பதால் வீழ்படிவு மட்டும் காரணமாக இருக்காது என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பதிலைத் தரவே இந்த எண்கள் அவருக்குத் தேவை.)

படம் அனுப்பினால் கருவியின் திரையை முழுதாக, அளவுகோல்களோடு அனுப்புங்கள். வெட்டி ஒட்டிய முகடு ஒன்றும் சொல்லாது.

ஆய்வக வேலை இல்லாத பாடச் சந்தேகத்துக்கும் இதே முறை பொருந்தும். கணக்கின் கேள்வியை மட்டும் அனுப்பி விடை கேட்காதீர்கள். சமன் செய்த சமன்பாடு, நீங்கள் போட்ட வரிகள், எந்த வரியில் ஏன் நின்றீர்கள் என்பதை அனுப்புங்கள். பெரும்பாலான தவறுகள் சமன்பாட்டைச் சமன் செய்யாமலே மோல் விகிதம் எடுப்பதில்தான் தொடங்குகின்றன. உங்கள் வரிகளைப் பார்க்காமல் அதை யாராலும் காட்டிக்கொடுக்க முடியாது.

9. யாரிடம், எந்த வரிசையில்

முதலில் செய்முறையின் குறுக்கீடுகள் பற்றிய பகுதி. எல்லோரும் செய்யும் விதத்தை மட்டும் படித்துவிட்டு இதைத் தாண்டிப் போகிறார்கள். உங்கள் சிக்கலுக்குப் பெயரே அங்கே எழுதியிருக்கலாம். அடுத்து, அதே அளவீட்டை அதே அறையில் செய்கிறவர். உங்கள் கை எப்படிப் போகிறது என்று நேரில் பார்க்க அவரால் மட்டும்தான் முடியும். பியூரெட்டின் அளவைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்கிறீர்களா, பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதித் தள்ளுகிறீர்களா என்பது எந்தக் கடிதத்திலும் தெரியாது.

கருவி தொடர்பானது என்று நான்கு சோதனைகளும் சொன்னால் கருவி தயாரிப்பாளரின் தொழில்நுட்ப உதவிக் குழு. கருவியின் மாடல் எண், பிழைக் குறியீடு, கடைசியாகப் பராமரித்த தேதி ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வேதிப்பொருளின் தூய்மை பற்றிய சந்தேகம் என்றால் புட்டியின் தொகுதி எண்ணைச் சொல்லி, அந்தத் தொகுதியின் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் மாதிரியைப் பிரித்து, ஒரு பாதியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதோடு தெரிந்த திட்டக் கரைசல் ஒன்றையும் பெயர் சொல்லாமல் சேர்த்து அனுப்புங்கள். அதன் விடை சரியாக வந்தால்தான் மாதிரிக்கு அவர்கள் தரும் எண்ணை நம்பலாம்.

10. பதில் வந்த பிறகு

பதில் சொன்னவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அதை உடனே நம்பிவிடாதீர்கள். அவர் சொல்வது உண்மை என்றால் வேறு என்ன நடக்க வேண்டும் என்று கேளுங்கள். "உங்கள் ஈடிடிஏ வீரியம் குறைந்தது" என்றால் தெரிந்த கரைசலும் உயர்ந்து காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அந்தப் பதில் உங்களுக்கானது இல்லை.

ஒரு பொருளைச் சேர்க்கச் சொன்னால், சேர்ப்பதற்கு முன் அதன் பாதுகாப்புத் தரவுத் தாளைத் திறங்கள். 16 பகுதிகள் உண்டு. 7 கையாளுதல், 8 பாதுகாப்பு அணிகள், 10 எதோடு சேரக்கூடாது. உங்கள் குடுவையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று பதில் சொன்னவருக்கு முழுதாகத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

காரணம் உறுதியானதும் குறிப்பேட்டில் எழுதி, பதில் சொன்னவருக்கும் என்ன ஆனது என்று சொல்லுங்கள். அப்புறம் பின்னோக்கிப் போங்கள். தெரிந்த திட்டக் கரைசல் கடைசியாகச் சரியாக வந்த தேதி எது? அந்தத் தேதிக்குப் பிறகு அதே ஈடிடிஏயில், அதே தாங்கல் கரைசலில் ஓட்டிய ஒவ்வொரு மாதிரியும் சந்தேகத்துக்குரியது. விகிதப் பிழை என்றால், கரைசலை இப்போது தரப்படுத்திக் கிடைக்கும் உண்மையான செறிவை வைத்து அவற்றைத் திரும்பக் கணக்கிடலாம். நாளுக்கு நாள் மாறிய பிழை என்றால் அதற்கு இடமில்லை. மாதிரிகளை எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும், ஏற்கெனவே அனுப்பிய அறிக்கைகளை வாங்கியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.